எம்.டி. 90 குடித்தவை

வன்னியில், புளியங்குளம் சந்தியில், நெடுங்கேணிக்குத் திரும்புகிற பக்கமாக, எப்போதாவது ஒரு சிவப்பு எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் நிற்கக் காணலாம். சிவப்பு என்று சொல்வது மரியாதைக்குத்தான். வெயிலும் புழுதியும் தின்றது போக மிஞ்சியிருப்பது செங்கல் நிறம். பின் கரியரில் யூரியாப் பை, பக்கத்தில் கயிற்றால் கட்டிய ஒரு கான். பல்சரில் பறக்கிற இளம்பிள்ளைகள் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அது என்னென்ன குடித்து உயிர் தப்பியது என்று தெரிந்த எனக்கு அப்படிக் கடந்துபோக ஏலாது.

அது பிறந்தது யப்பானில், தபால்காரருக்காக. ஹொண்டா 1958இல் விட்ட சுப்பர் கப் குடும்பத்துப் பிள்ளை அது. அந்தக் குடும்பத்தின் உற்பத்தி 2017இல் 10 கோடியைத் தொட்டது. கிளச் லீவர் கிடையாது. மூன்று கியர், படுக்கையாக வைத்த ஒற்றைச் சிலிண்டர். வாசலுக்கு வாசல் நின்று நின்று போகிற வேலைக்கென்று செய்தது. அங்கே வேலை முடிந்த வண்டிகள் கப்பலேறி, கொழும்பில் இறங்கி, ஏ9 வழியே வடக்குக்கு வந்தன. எங்கள் பக்கத்தில் வாத்தியார், விதானையார், சங்கக்கடை மனேச்சர் என்று ஊருக்கு நாலு பேரிடம் நின்றது. மாமாவிடமும் ஒன்று நின்றது. அதுவரை அது குடித்தது பெற்றோல் மட்டும்தான்.

1990 ஜூனில் அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கியதும் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து எதுவும் வவுனியா தாண்டி வரக்கூடாது. மண்ணெண்ணெய் மட்டும் விளக்குக்கென்று அளவோடு வந்தது. கூப்பன் அட்டையைக் காட்டிச் சங்கக்கடையில் வரிசையில் நின்று போத்தல் கணக்கில் வாங்கவேண்டும். கள்ளமாக வந்த பெற்றோலுக்குத் தங்க விலை. அப்போதுதான் விளக்குக்கு வந்த எண்ணெயில் பாதி மோட்டார் சைக்கிளுக்குப் போகத் தொடங்கியது. வீட்டில் ஒரு விளக்கு குறைந்தால் வண்டி பத்துக் கட்டை கூட ஓடும். மாமி இதைப்பற்றிச் சொன்னவற்றை இங்கே எழுத ஏலாது.

மண்ணெண்ணெயை ஊற்றிக் கிக்கரை மிதித்தால் ஒன்றும் நடக்காது. ஒரு திரவம் தீப்பற்றுகிற அளவுக்கு ஆவி விடத் தொடங்கும் வெப்பநிலை ஒன்று இருக்கிறது. பெற்றோலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் அளவில். எந்தக் குளிரிலும் ஆவி தயார். மண்ணெண்ணெய்க்கு 38 பாகை அளவு வேண்டும். குளிர்ந்து கிடக்கிற எஞ்சினுக்குள் அது ஆவியாகாமல் ஈரமாகவே போய்ப் பிளக்கை நனைத்துவிடும். எஞ்சின் சுட்டால் கதை வேறு. ஆக, சுடும்வரைக்கும் ஓட்ட நாலு சொட்டுப் பெற்றோல் வேண்டும்.

அந்த நாலு சொட்டுக்காக ஒவ்வொரு வண்டியிலும் ஒரு குட்டிப் பிளாஸ்ரிக் போத்தல் இருந்தது. மூடியில் ஊசித் துளை. மாமா அதைச் சேட்டுப் பையில் வைத்திருப்பார். பணத்தை வண்டிப் பெட்டிக்குள் போட்டாலும் போடுவார், அந்தப் போத்தலைப் போடமாட்டார். காலையில் முதலில் தாங்கித் திருகை மூடுவார். காபரேற்றர் கோப்பையின் அடி ஆணியை இளக்கி, இரவு தங்கிய எண்ணெயை ஒரு பால்மாப் பேணியில் பிடிப்பார். அதைத் திரும்பத் தாங்கிக்குள் ஊற்றவேண்டும், ஒரு சொட்டும் மண்ணுக்கில்லை. பிறகு காற்று உள்ளே போகிற வாயில் போத்தலை வைத்து, குழந்தைக்கு மருந்து விடுகிற மாதிரி அமத்துவார்.

"மாமா, இன்னும் கொஞ்சம் விடுங்கோவன்."

"மூண்டு சொட்டுக் காணும். நீ பொத்திக்கொண்டு கிக்கரை அடி."

பிடித்தால் வண்டி ஒரு சத்தம் போட்டு உயிர் வரும். உடனே திருகைத் திறந்து, அக்சிலேற்றரை முறுக்கிப் பிடித்தபடி காத்திருக்கவேண்டும். வெள்ளைப் புகை முற்றத்தை மூடும், கண் எரியும், அடுத்த வீட்டுக் கோழிகூட அந்தப் பக்கம் வராது. இருமி இருமி ஓடிய எஞ்சின் சுட்டதும் ஒரு நிதானத்துக்கு வரும். அதன் பிறகு எங்கே போனாலும் நிப்பாட்டக் கூடாது. கடையில் சாமான் வாங்கும்போதும் செத்தவீட்டு வாசலிலும் அது உறுமிக்கொண்டே நிற்கும். நிப்பாட்டி ஆறவிட்டால் இன்னும் மூன்று சொட்டுச் செலவு.

எஞ்சினும் சும்மா விடவில்லை. மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு. அமுக்கம் கூடினால் கலவை தானாக வெடித்துத் தட்டும். அதற்கு மெக்கானிக்மார் கண்ட வழி, சிலிண்டருக்குப் பக்கிங்கைத் தடிப்பாக வெட்டிப் போட்டு அமுக்கத்தைக் குறைப்பது. எரியாத எண்ணெய் ரிங் வழியே கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். பிளக்கில் கரி பிடிக்கும். கழற்றி, அடுப்பில் சுட்டு, அரத்தாளால் உரஞ்சி மறுபடி பூட்டவேண்டும். இதெல்லாம் வன்னி மூளை மட்டும் கண்டுபிடித்ததென்று பெருமை பேச ஆசைதான். ஆனால் 1949இலேயே ஃபேர்கூசன் உழவு இயந்திரத்தில் இதே வேலைக்கு ஒரு வகை வந்துவிட்டது: பெற்றோலில் தொடங்கி, சுட்டதும் மண்ணெண்ணெய் இனத்து மலிவு எண்ணெய்க்கு மாறும், அமுக்கமும் குறைவு. பிரித்தானியக் கமக்காரனுக்கு அதைத் தொழிற்சாலை செய்து கொடுத்தது. எங்களுக்குச் சந்திக் கராஜ்.

1997 மே 13இல் இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கியது. புளியங்குளம் மாதக்கணக்கில் போர்முனையாக நின்றது. சனம் வடக்கும் கிழக்குமாக இடம்பெயர்ந்தது. எம்.டி. 90 ஒன்றில் கரியர் நிறையப் பாய், அதற்குமேல் பானை சட்டி, சீற்றில் மூன்று பேர். சாமான் வருகிற பாதையும் உயிலங்குளம், பிறகு பிரமனாலங்குளம் என்று மாறியது. 1999 நவம்பரில் புலிகளின் ஓயாத அலைகள் மூன்று நடவடிக்கையோடு போர்முனை ஓமந்தைக்கு இறங்கியது. திரும்பிவந்து பார்த்தால் சந்தியில் நிழலுக்கு ஒரு கூரை இல்லை.

2002இல் போர்நிறுத்தம். ஏப்ரலில் ஏ9 திறந்தது. ஓமந்தையில் அரசாங்கத்தின் சோதனை, புளியங்குளத்தில் புலிகளின் சோதனையும் ஆயமும். தெற்கிலிருந்து வருகிற எல்லாரும் இறங்கி மூட்டையை அவிழ்த்த இடம் எங்கள் சந்திதான். பெற்றோலும் வந்தது. தடித்த பக்கிங்கைக் கழற்றி மெல்லியதைப் போட்டபோது வண்டி பழைய சத்தத்துக்கு வந்ததாக மாமா சொன்னார். ஆனாலும் குட்டிப் போத்தலை அவர் எறியவில்லை. 2006 ஓகஸ்டில் பாதை மூடியது. போத்தல் மறுபடி சேட்டுப் பைக்கு ஏறியது. 2009 மேயில் போர் முடிந்தபின் முள்ளிவாய்க்கால் பக்கம் துருப்பிடித்துக் குவிந்து கிடந்த ஆயிரக்கணக்கான வண்டிகளில் மாமாவினதும் ஒன்று. அந்தக் குவியலுக்கு மேல் என்னால் எழுத முடியாது.

சந்தியில் இன்று நிற்பது வேறொருவருடையது. அது 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டையும் பார்த்தது. ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா; ஜூலையில் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். பழைய ஆட்கள் மண்ணெண்ணெயை நினைத்துச் சிரித்தார்கள், சிரிப்பு நிலைக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கே நீள வரிசை. ஓகஸ்டில் அதன் விலை 87இலிருந்து 340க்குப் பாய்ந்தது. முதன்முறையாக அந்தக் கைவைத்தியமும் பலிக்கவில்லை.

இப்போது கடலுக்கு அப்பால் இன்னொரு கலவை ஓடுகிறது. இந்தியா 2003இல் பெற்றோலில் 5 வீதம் எத்தனோல் கலக்கத் தொடங்கி, 2022இல் 10 வீதத்தை எட்டி, 2023 பெப்ரவரியில் 20 வீதக் கலவையைப் பம்புக்குக் கொண்டுவந்தது. எங்கள் தெருவில் ஓடும் பஜாஜ், ரிவிஎஸ், ஹீரோ எல்லாம் அந்த நாட்டுப் பிள்ளைகள்தான். இன்று அங்கே ஊற்றுவது நாளை இங்கே வரலாம் என்று யோசித்துவைப்பதில் தப்பில்லை.

மண்ணெண்ணெய்க்கும் எத்தனோலுக்கும் குணம் நேர்மாறு. எத்தனோலுக்கு ஒக்ரேன் கூட, தட்டாது. பக்கிங் தடிக்கத் தேவையில்லை. ஆனால் லீற்றருக்கு லீற்றர் பெற்றோலின் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான். 20 வீதக் கலவையில் இருசில்லு வண்டிகளுக்கு மைலேஜ் 3 முதல் 4 வீதம் குறையலாம் என்று இந்தியாவின் நிதி ஆயோக் அறிக்கையே கணித்தது. தனி எத்தனோலில் தீப்பற்றுகிற அளவுக்கு ஆவி எழும்புவது 13 பாகை அளவில். பிறேசிலின் குளிரான தெற்கில் தனி எத்தனோல் கார் காலையில் பிடிக்காமல் நிற்க, அதற்கென்றே ஒரு குட்டிப் பெற்றோல் தாங்கி வைத்தார்கள். மாமாவின் சேட்டுப் பைப் போத்தலுக்கு அங்கே ஒரு தம்பி இருந்திருக்கிறான்! வன்னி வெயிலில் அந்தச் சங்கடம் வராது. எங்களுக்கு வரக்கூடியது தண்ணீர். எத்தனோல் ஈரத்தை உறிஞ்சும். கூடிப்போனால் தண்ணீரும் எத்தனோலுமாகப் பிரிந்து தாங்கியின் அடியில் தங்கும், திருகு வழியே எஞ்சினுக்கும் போய்விடக்கூடும். பழைய இறப்பர் குழாயும் வளையமும் அதில் ஊறிப் பொருமும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு இந்தியாவில் செய்த வண்டிகளின் பாகங்கள் இந்தக் கலவையைத் தாங்கும். எம்.டி. 90க்கு அப்படி யாரும் யோசித்துச் செய்யவில்லை.

ஆகவே சந்தியில் நிற்கிற அந்தச் சிவப்பு வண்டிக்காரருக்கு ஒரு சொல். அந்தக் கலவை இங்கு வருகிற நாளில், முதலில் தாங்கிக் குழாயையும் காபரேற்றர் இறப்பர் வளையங்களையும் புதிதாக மாற்றுங்கோ. கார்த்திகை மழையில் அரைத் தாங்கியோடு நாட்கணக்கில் நிறுத்தாதேங்கோ. நிறுத்துவதானால் கோப்பையின் அடி ஆணியை இளக்கி வடித்துவிடுங்கோ. அந்த வேலை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.