பேசும் படத்தின் முதற் கதாநாயகி

ஒரு சமூகத்தின் நாகரிகத்தை அளந்தறிய விரும்புவோர், அச்சமூகம் தன் பெண்மக்களை எவ்வாறு நடத்துகின்றது என்பதையே முதற்கண் நோக்குதல் வேண்டும். நம்மவர் கலையைப் போற்றுவதிற் குறைந்தவரல்லர். ஆயினும், கொட்டகையில் ஒரு நடிகையின் பாட்டைக் கேட்டு மெய்ம்மறந்து கைதட்டியவரே, வெளியே வந்ததும் அவளது குலத்தையும் ஒழுக்கத்தையும் பற்றி இழிவாகப் பேசுவதை நாம் கண்டிருக்கின்றோம். இவ்வழக்கம் எத்துணை அநீதியானது என்பதைத் திருமதி டி. பி. ராஜலக்ஷ்மி அம்மையாரின் வாழ்க்கை வரலாறு நன்கு விளக்கும்.

அம்மையார் 1911-ஆம் ஆண்டில் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த திருவையாற்றில் ஒரு பிராமணக் குடும்பத்திற் பிறந்தார். தியாகராஜ சுவாமிகள் வாழ்ந்து மறைந்த அவ்வூரில் பாட்டுக்குக் குறைவில்லை. சிறுமியும் கேட்ட பாட்டை அவ்வண்ணமே பாடும் ஆற்றல் வாய்ந்திருந்தாள். ஆனால் அவ்வாற்றலை வளர்ப்பதற்கு முன்னரே, பத்து வயதும் நிரம்பாத அக்குழந்தைக்கு விவாகம் செய்துவைத்தனர். விவாகம் என்பது யாது என்றறியாத பருவத்தில் நிகழ்ந்த அந்த மணம் நிலைக்கவில்லை. பெண் பிறந்தகம் திரும்பினாள், தந்தையும் காலமானார். பெண்ணுக்குப் பதினான்கு வயதாவது நிரம்பவேண்டும் என்று விதித்த சாரதா சட்டம் 1929-ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று. அதற்கு முன் இவ்வாறு வாழ்விழந்த சிறுமிகள் எண்ணிறந்தவர். அவர்களுள் பெரும்பாலோர் சமையலறை மூலையிற் கிடந்து ஒருவரும் அறியாமல் மாண்டனர்.

ராஜலக்ஷ்மி அவ்வாறு கிடக்க உடன்படவில்லை. தாயும் மகளும் பிழைப்புக்கு வழி தேடித் திருச்சிராப்பள்ளி சென்றனர். அங்கே பதினொரு வயதளவில் அவர் சாமண்ணாவின் நாடகக் கம்பெனியிற் சேர்ந்தார். அக்காலத்துப் பாலர் கம்பெனிகளிற் பெண் வேடத்தையும் ஆண்பிள்ளைகளே தரித்தனர். அதற்கு ‘ஸ்திரீ பார்ட்’ என்று பெயர். குடும்பப் பெண் மேடையேறினால் குலம் கெட்டதென்று ஊரார் கூறுவர். உறவினரும் வாசற்படி மிதியார். மணமேடையில் ஒரு குழந்தையை உட்கார்த்தியபோது வாய் திறவாத சமூகம், அதே குழந்தை நாடக மேடையில் நின்று சோறு சம்பாதித்தபோது மட்டும் ஆசாரம் பேசியது! அப்பேச்சைப் பொருட்படுத்தாது உழைத்த அம்மையார், எஸ். ஜி. கிட்டப்பா போன்ற பெரும் பாடகருடன் நடிக்கும் நிலைக்கு உயர்ந்தார். பின்னர்ச் சென்னையில் எடுக்கப்பட்ட ‘கோவலன்’ முதலிய ஊமைப்படங்களிலும் தோன்றினார்.

1931-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பம்பாயில் ‘ஆலம் ஆரா’ வெளிவந்து, இந்தியப் படம் வாய் பேசத் தொடங்கிற்று. அதனை எடுத்த அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனியாரே, எச். எம். ரெட்டியை டைரக்டராகக் கொண்டு ‘காளிதாஸ்’ என்னும் படத்தையும் தயாரித்தனர். அது அவ்வாண்டு அக்டோபர் 31-ஆம் தேதி சென்னை கினிமா சென்ட்ரலில் திரையிடப்பட்டது. அதில் ராஜலக்ஷ்மி தமிழிற் பேச, உடன் நடித்தோர் வேறு மொழியிற் பேசினர். ஆயினும் தமிழ்ச் சொல் வெள்ளித் திரையில் ஒலித்த முதற் படம் அதுவே. மதுரை பாஸ்கரதாஸ் இயற்றிய பாட்டுகள் அதில் இடம்பெற்றன. காந்தியடிகளின் கைராட்டினத்தைப் போற்றும் பாட்டும் அவற்றுள் ஒன்று. அந்நிய ஆட்சியில் அதைத் திரையிற் பாடத் துணிவு வேண்டும்.

அக்கதையில் அம்மையார் ஏற்ற வேடம் வித்யாதரி என்னும் அரசகுமாரி. மந்திரியின் சூழ்ச்சியால், இன்னார் என்றறியாமலே ஒரு மாடு மேய்ப்பவனுக்கு மனைவியாக்கப்பட்டவள் அவள். தன் விருப்பம் கேளாமல் மணமுடிக்கப்பட்ட பெண்ணின் துயரத்தை, அத்துயரத்தைத் தாமே குழந்தைப் பருவத்தில் அனுபவித்த, இருபது வயதும் நிரம்பாத மங்கை நடித்துக் காட்டினார். பார்த்தோருள் எத்தனை பேர் இதை எண்ணியிருப்பர்?

அந்நாளில் பேசும் படத்தில் நடிப்பது எளிதன்று. ஒருவர் பாட மற்றொருவர் வாயசைக்கும் ஏற்பாடு அப்போது இல்லை. காமிராவின் முன் நடித்துக்கொண்டே பாடவும் பேசவும் வேண்டும். சென்னையில் 1934-ஆம் ஆண்டில்தான் பேசும் படத்துக்கு ஸ்டூடியோ ஏற்பட்டது. ஆதலால் அதற்கு முன் நடிகர்கள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறிச் செல்ல நேர்ந்தது. அவ்வாறு கல்கத்தாவில் எடுக்கப்பட்டு 1933-இல் வெளிவந்த ‘வள்ளி திருமணம்’ பெரு வெற்றி பெற்றது. ஜனங்கள் அம்மையாரை ‘சினிமா ராணி’ என்று கொண்டாடினர். அப்படத்தில் உடன் நடித்த டி. வி. சுந்தரத்தை அவர் மணந்துகொண்டார். முதல் மணம் முறிந்த பெண்ணுக்கு மறுவாழ்வு உண்டு என்று பிறர் மேடையிற் பிரசங்கம் செய்துகொண்டிருந்த காலத்தில், அவர் அதனைச் செய்தே காட்டினார்.

பிறர் எழுதிய வசனத்தைப் பேசுவதோடு அவர் அமையவில்லை. தாம் எழுதிய ‘கமலவல்லி’ என்னும் நாவலைத் தழுவி, 1936-இல் ‘மிஸ் கமலா’ என்ற படத்தைத் தாமே தயாரித்து, தாமே டைரக்டு செய்து, கதாநாயகியாகவும் நடித்தார். தென்னாட்டில் படம் டைரக்டு செய்த முதற் பெண்மணி அவரே. படிப்பும் கணக்கும் பெண்ணுக்கு வாரா என்றிருந்த நாளில், கதை எழுதுதல், பணம் முடக்குதல், ஆட்களை ஏவி வேலை வாங்குதல் ஆகிய மூன்றையும் ஒரு பெண் ஏற்று நடத்தினார். 1938-இல் ‘நந்தகுமார்’ படத்தில் யசோதையாகவும் தோன்றினார்.

அவர் தொண்டு திரையோடு நிற்கவில்லை. பெண்ணாய்ப் பிறந்த குற்றத்திற்காக உயிர் போக்கப்பட இருந்த ஒரு சிசுவைக் காத்து, தம் மகளாக வளர்த்தார். வயது ஏற ஏறப் படங்கள் குறைந்தன. புதிய முகங்களை நாடி ஜனங்களும் சென்றனர். 1961-இல் ‘கலைமாமணி’ விருது அவருக்கு அளிக்கப்பட்டது. 1964-ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

‘காளிதாஸ்’ படத்தின் பிரதி ஒன்றேனும் இன்று இல்லை. தமிழ்ப் பேசும் படத்தின் முதற் குரலை நாம் இனிக் கேட்கவியலாது. ஒரு படச்சுருள் அழிந்தது காலத்தின் கோலம் என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அக்குரலுக்கு உரியவரின் வாழ்வையும் மறப்போமாயின் அக்குற்றம் காலத்தினுடையதன்று, நம்முடையதே.

தாய்மார்களே! தந்தையர்களே! உங்கள் வீட்டிலும் பாடும் பெண்ணோ எழுதும் பெண்ணோ இருக்கக்கூடும். “ஊரார் என்ன சொல்வர்?” என்று அவள் வாயை அடைக்குமுன், திருவையாற்றுச் சிறுமியைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஊரார் சொற்கேட்டு அவளும் மூலையில் ஒடுங்கியிருந்தால், நம் பேசும் படத்தின் வரலாற்றில் முதற் பக்கம் வேறு விதமாகவே எழுதப்பட்டிருக்கும்.