களத்திலேயே அளந்த கூலி

1763-இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டுச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கிடைத்தது. அதன் ஊர்களைக் கணக்கெடுக்கப் பொறியாளர் தாமஸ் பர்னார்டு அனுப்பப்பட்டார். 1767 முதல் 1774 வரை அவர் எடுத்த கணக்கில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்கள் அடங்கின. நிலம், வீடு, குடி விவரங்களோடு, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு மேரை, அதாவது பங்கு, என்பதும் அதில் பதிவாயிற்று. கோயிலுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் பங்கு இருந்தது போலவே தச்சருக்கும் கொல்லருக்கும் பங்கு இருந்தது. ஏரிக்கும் தனிப் பங்கு.

இந்த ஏற்பாட்டின் அருமை பழுது வரும்போதுதான் தெரியும். ஏற்றத்தின் துலா முறிந்தாலும் கலப்பைக் கொழு மழுங்கினாலும் அதைச் சீராக்கித் தருவது தச்சர், கொல்லர் பொறுப்பு. கூலி அறுவடைக் களத்திலேயே நெல்லாக அளக்கப்பட்டுவிடும். பயிர் வாடுகிற நேரத்தில் குடியானவர் கைக்காசு தேடி ஓட வேண்டியதில்லை.

ஆனால் இதைப் பொற்காலம் என்று பாட முடியாது. தொழிலைச் சாதி கட்டிப்போட்டிருந்தது. மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலையின் சாலுக்குத் தோல் தைத்துக் கொடுத்தவர்கள் ஊருக்கு வெளியேதான் வாழ்ந்தார்கள்.

பொதுப் பராமரிப்புக்கு இந்த மண்ணில் இன்னும் பழைய சான்று உண்டு. பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் குடவோலையில் தேர்ந்தெடுத்த முறையை விரிவாகச் சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடவே கூடாது; அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் அதே தடை.

கம்பெனி ஆட்சியில் ஊரின் பிடி தளர்ந்தது. 1790-களின் பிற்பகுதியில் மதுராந்தகம் ஏரிக்கரையைப் பலப்படுத்தும் வேலை கலெக்டர் லயனல் பிளேஸ் கைக்குப் போயிருந்தது. ராமரே நின்று ஏரியைக் காத்தார் என்னும் ஏரிகாத்த ராமர் கதை அந்தக் கரையில்தான் பிறந்தது. ஊரார் தாமாகச் செய்துவந்த குடிமராமத்தை, 1858-இல் சென்னை மாகாணத்துக்கென ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு வாங்க வேண்டியதாயிற்று.

ஏற்றமும் கவலையும் போய், ஆயில் எஞ்சினும் மின்மோட்டாரும் வந்தன. பழுதுச் செலவு முழுவதும் தனி ஆளின் தலையில் விழுந்தது. மாமல்லபுரம் கரையோரத் தோட்டங்களில் உப்புக் காற்று இரும்பை வேறு அரிக்கிறது. பாசனத்துக்கு மின்சாரம் இலவசம். மோட்டாரின் காயில் எரிந்தால் ரீவைண்டிங் கூலியோ கடைக்காரர் சொல்வதுதான். மோட்டாரைப் பிரிக்கும் முன்பே உத்தேசச் செலவை எழுதி வாங்குங்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் அறுவடைதோறும் சிறு தொகை பிடித்துப் பழுது நிதி ஒன்றை நடத்தலாம்; அதைக் கிராம சபையில் கேளுங்கள்.