மொழி தெரிந்த சிப்பாய்

செய்யூரில் 1971-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த எங்கள் வகுப்பிலிருந்து பட்டாளத்துக்குப் போனவன் ஒருவன்தான். போன தை மாதம் அவன் காலமானான். வீட்டார் விருப்பப்படி பெயரை எழுதவில்லை. நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். அவன் போன சண்டையைப் பற்றி நம் பக்கத்தில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

அவன் அப்பா உப்பளத்தில் கூலி வேலை பார்த்தவர். மேலே படிக்க வைக்க வசதியில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை எல்லாம் வராத காலம் அது. 1972-ல் மதுராந்தகம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ரயில் ஏறிச் சென்னைக்குப் போய், ஆள் எடுப்பில் நின்றான். மார்பளவு பார்த்தார்கள், ஓடச் சொன்னார்கள், எடுத்துக்கொண்டார்கள். நீலகிரியில் வெலிங்டனில் பயிற்சி. 1758-ல் தொடங்கிய மெட்ராஸ் ரெஜிமெண்ட் இந்தியத் தரைப்படையின் மிகப் பழைய காலாட்படை. தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் எல்லாரும் அதில் உண்டு. லீவில் வரும்போது 'வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு' என்ற அவர்களுடைய போர் முழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கத்திக் காட்டுவான். தெருவே சிரிக்கும்.

வங்கதேசப் போர் முடிந்த பிறகு சேர்ந்தவன் என்பதால் பதினைந்து வருடம் சண்டை எதையும் பார்க்கவில்லை. அவன் பார்த்த ஒரே சண்டை 1987-ல் வந்தது. பாஷை தெரிந்த ஊரில் வந்தது.

1987 ஜூலை 29-ல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேயும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே நம் படை பலாலி விமானதளத்தில் இறங்கத் தொடங்கியது. இந்திய அமைதி காக்கும் படை என்று பெயர். முதல் சில வாரங்கள் யாழ்ப்பாணத்தில் அவர்களுக்கு மாலையும் தேத்தண்ணியும் கிடைத்தன. "பனைமரமும் உப்புக்காற்றும் நம்ம ஊர் மாதிரியே இருந்துச்சுடா" என்று சொன்னான். ஒரு கிழவி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "தம்பி, நீங்கள் எவடம்?" என்று கேட்டாராம். செங்கல்பட்டுப் பக்கம் என்றிருக்கிறான். "அப்ப எங்கட ஆக்கள்தானே" என்று சொல்லி முருங்கைக்காய் பறித்துக் கொடுத்தாராம்.

அது நீடிக்கவில்லை. செப்டம்பர் 26-ல் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் 5-ல் பலாலியில் காவலில் இருந்த புலேந்திரன், குமரப்பா உள்ளிட்ட 12 புலிகள் சயனைடு அருந்தி இறந்தார்கள். அடுத்த சில நாளில் யாழ்ப்பாணத்தைப் பிடிக்க 'ஆபரேஷன் பவன்' தொடங்கியது. அக்டோபர் 11 இரவு யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிய சீக்கிய வீரர்கள் 30 பேரில் ஒருவர்தான் உயிர் தப்பினார். அதே மாதம் 21-ல் யாழ் ஆஸ்பத்திரிக்குள் நம் படை நுழைந்தபோது டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் என்று பலர் கொல்லப்பட்டார்கள். இரண்டும் நடந்தவை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நியாயமில்லை.

ஆஸ்பத்திரிப் பக்கம் இவன் இல்லை. ஆனால் வேறொரு சுமை இவனுக்கு இருந்தது. வீடு சோதனை, சாலைச் சோதனை எது நடந்தாலும் "மதராஸியைக் கூப்பிடு" என்பார்களாம். அதிகாரி இந்தியில் கேட்பதைத் தமிழில் கேட்க வேண்டும், வரும் பதிலை இந்தியில் சொல்ல வேண்டும். "மத்தவங்களுக்கு அந்தப் பொம்பளைங்க அழுறது வெறும் சத்தம்டா. எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது" என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னான். முருங்கைக்காய் கொடுத்த கிழவியை அக்டோபருக்குப் பிறகு மறுபடி பார்த்திருக்கிறான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றான். அதற்கு மேல் சொல்லவில்லை.

அந்தச் சண்டையில் பரம்வீர் சக்ரா வாங்கியவர் ஒரே ஒருவர். அவரும் தமிழர்தான். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பம்பாயில் பிறந்தவர், 1972-ல் சென்னையில் பயிற்சி முடித்து அதிகாரியானவர். என் தோழன் சிப்பாயாகச் சேர்ந்ததும் அதே வருடம்தான். 1987 நவம்பர் 25-ல் யாழ்ப்பாணத்தில் கந்தரோடைப் பக்கம் தேடுதல் முடிந்து திரும்பும்போது இரவில் பதுங்கித் தாக்கினார்கள். மார்பில் குண்டு பாய்ந்த நிலையிலும் எதிராளியின் துப்பாக்கியைப் பறித்து அவரைச் சுட்டு வீழ்த்தினார், உயிர் பிரியும் வரை தன் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது பதிவு. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

1990 மார்ச் 24-ல் கடைசிப் படைப்பிரிவு திருகோணமலையை விட்டுக் கிளம்பியது. ஏறக்குறைய 1,200 வீரர்கள் இறந்திருந்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் நிலை. தமிழ்நாட்டில் பாதிப் பேர் அன்று அப்படித்தான் நினைத்தார்கள். அங்கே செத்தவர்களை நினைத்தால் அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஒப்பந்தம் எழுதியவர்கள் டில்லியிலும் கொழும்பிலும் இருந்தார்கள். கோபம் வந்து விழுந்தது உப்பளத்துக் கூலி மகன் மேல்.

அந்த வருடம் லீவில் வந்தவனைப் பார்த்து டீக்கடையில் ஒருவர், "நம்ம சனத்தையே சுட்டுட்டு வந்திருக்காரு" என்று காதில் விழும்படி சொன்னார். நானும் பக்கத்தில் இருந்தேன். எழுந்து கேட்கப் போன என் கையைப் பிடித்து உட்கார வைத்தான். டீயைக் குடித்து முடித்துவிட்டுக் காசு கொடுத்துவிட்டு நடந்தான். அதன்பின் பிள்ளைகளுக்கு அந்த முழக்கத்தைச் சொல்லிக் காட்டியதில்லை.

1996-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றான். பிறகு ஒரு வங்கியில் காவலாளி வேலை. ஒவ்வொரு நவம்பரும் பென்ஷனுக்கு உயிர்ச்சான்று கொடுக்க வரிசையில் நிற்கும் பெரியவர்களில் ஒருவன். கார்த்திகையில் கந்தசாமி கோயிலுக்குத் தவறாமல் வருவான். இலங்கைச் செய்தி டிவியில் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவான் என்று அவன் வீட்டம்மா சொன்னார்.

தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் படித்த மேஜர் முகுந்த் வரதராஜன் 2014-ல் காஷ்மீர் சோபியானில் உயிரிழந்தபோது ஊரே திரண்டு அழுதது. அசோக சக்ரா கொடுத்தார்கள், பத்து வருடம் கழித்துச் சினிமாவும் வந்தது. எல்லாம் அவருக்குத் தகும். அமைதிப்படைக்காரர்களுக்குக் கொழும்புக்குப் பக்கத்தில் 2008-ல் இலங்கை அரசே நினைவிடம் கட்டிவிட்டது. டில்லியில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் இறந்தவர்கள் பெயர் இருக்கிறது. உயிரோடு திரும்பியவர்களுக்கு எங்கும் கல்வெட்டு கிடையாது.

முதல் உலகப் போருக்குப் பிறகு, 'இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள்' என்று வெள்ளைக்காரன் சில ஊர்களில் கல் பதித்தான். போர் சரியா தவறா என்று அந்தக் கல்லில் ஒன்றும் இராது. எங்கள் பள்ளியிலும் அதுபோல ஒரு பலகை வைக்கலாம் என்று பழைய மாணவர்கள் சிலரிடம் பேசியிருக்கிறேன். எந்தச் சண்டை என்று பார்க்காமல், படையில் இருந்த எல்லார் பெயரும் அதில் வர வேண்டும். செய்யூர், சூணாம்பேடு, கடப்பாக்கம் பக்கம் உங்களுக்குத் தெரிந்த பெயர் இருந்தால் சேர்ந்த வருடத்தோடு எனக்கு எழுதி அனுப்புங்கள். 1987-ல் இலங்கை போய் வந்தவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால், அவர் பேச விரும்பினால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் இப்போது எழுபதை நெருங்கும் வயது.