மூங்கில் துண்டில் எழுதிய வனக்கணக்கு

காட்டிலுள்ள மரத்தை எண்ணுவதும் ஒரு சாஸ்திரமா என்று கேட்பவர்கள், பர்மாவின் தேக்கங்காடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடைந்த கதியைச் சற்றே அறிந்திருப்பது நல்லது. பர்மிய மன்னர்கள் காலத்தில் ராஜ விருட்சமாக மதிக்கப்பட்டிருந்த தேக்கு, 1826-இல் தெனாசரிம் பிரதேசம் ஆங்கிலேயர் வசமான பின்பு, மோல்மீன் துறைமுகத்து மர வியாபாரிகளின் கோடரிக்கு இரையாகி, அத்தரான் நதியை அடுத்த வனங்களில் சில பத்தாண்டுகளுக்குள்ளேயே அருகிப் போயிற்று. 1852-இல் பர்மியரோடு நடந்த யுத்தத்தின் பயனாகப் பெகு பிரதேசமும் ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது, அங்கேனும் இவ்வாறு நேராமல் தடுக்க வேண்டுமென்று இந்திய கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு எண்ணினார். கப்பலுக்கு மரம் தேடிக்கொண்டிருந்த ஒரு சர்க்காரின் இந்தக் கவலையைப் பரோபகாரம் என்று சொல்வதற்கில்லை.

1856-இல் பெகு வனங்களின் அதிகாரியாக வந்து சேர்ந்த டீட்ரிஷ் பிராண்டிஸ், ஜெர்மனியின் பான் நகரைச் சேர்ந்த தாவர சாஸ்திரி. அளவில்லாத அந்த ஆரண்யத்தில் மரம் மரமாக எண்ணுவது மனித யத்தனத்துக்கு அடங்காதென்று கண்ட அவர், குறித்த ஒரு வழியிலே சென்று, இரு மருங்கிலும் கண்ணுக்கு எட்டிய தேக்குகளை மட்டும் எண்ணி, அதைக்கொண்டு முழு வனத்தின் இருப்பையும் அனுமானிக்கும் முறையைக் கைக்கொண்டார். யானைமீது அமர்ந்து, இடக்கையில் நான்கு மூங்கில் துண்டுகளும் வலக்கையில் கத்தியுமாக அவர் செல்வார். சுற்றளவு 6 அடியும் அதற்கு மேலுமான மரம் கண்ணில் பட்டால் முதல் துண்டில் ஒரு வெட்டு. நாலரை முதல் 6 அடி வரையிலானதற்கு இரண்டாவதில். ஒன்றரைக்கும் நாலரைக்கும் இடைப்பட்டதற்கு மூன்றாவதில். அதற்கும் சிறிய கன்றுகளுக்கு நான்காவதில். சொட்டச் சொட்ட நனைக்கும் அந்தக் காட்டில் காகிதம் நிலைக்காது, மூங்கில் நிலைத்தது. பால்காரி சுவரில் கோடிழுத்து வைக்கும் கணக்குக்கும் இதற்கும் முறையில் பேதம் அதிகமில்லை.

ஆனால் வியாபாரியின் கண் முதல் துண்டோடு நின்றுவிடும். பிராண்டிஸ் மற்ற மூன்றையும் எண்ணியதிலேதான் அவருடைய புத்தி நுட்பம் விளங்குகிறது. இரண்டாம் வகுப்பு மரம் முதல் வகுப்பை எட்ட 24 ஆண்டுகள் ஆகும் என்று கணித்த அவர், பெருமரங்களில் இருபத்து நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஓராண்டில் வெட்டலாகாதென்று விதித்தார். வெட்டுவதற்கும் ஒரு கிரமம் இருந்தது: பச்சைத் தேக்கு நீரில் மிதவாதாகையால், அடிமரத்தில் பட்டையையும் வெளிறையும் வளையமாக அறுத்து, நின்ற நிலையிலேயே சில ஆண்டுகள் உலரவிட்ட பிறகே சாய்த்து, ஆற்றில் விட்டார்கள்.

1864-இல் இந்திய வனங்கள் அனைத்திற்கும் தலைமை அதிகாரியான பிராண்டிஸ், சென்னை வனச் சட்டம் பிறந்த 1882-ஐ ஒட்டிய காலத்தில் அந்நாளைய சென்னை ராஜதானிக்கும் வந்து, அங்கிருந்த வன நிர்வாகத்தைக் குறித்து யோசனைகள் எழுதினார். விறகும் தழையும் மேய்ச்சலும் நாடிக் காட்டுக்குள் போகிறவர்களுக்கு அந்த நான்கு துண்டுகளில் இடமில்லை என்பதை அவர் அறியாதவரல்லர். சர்க்கார் காடு வேறு, கிராமத்தார் காடு வேறு என்று பிரித்துவைக்க வேண்டுமென்று அவர் வற்புறுத்தி வந்தார். மரக்கணக்கை ஆவலோடு ஏற்றுக்கொண்ட சர்க்கார், இந்த யோசனையில் அத்தனை சிரத்தை காட்டவில்லை.