நொய்யல் குளங்களும் கம்ப்யூட்டர் கணக்கும்

நொய்யல் என்றதும் திருப்பூர்க்காரர்களுக்குச் சாயத் தண்ணீர்தான் ஞாபகம் வரும். வெள்ளத்தை நாம் சீக்கிரம் மறந்துவிடுகிறோம். 2011 நவம்பரில் ராத்திரி கொட்டிய மழையில் சங்கிலிப்பள்ளமும் ஜம்மனைப் பள்ளமும் பொங்கி, கரையோர வீடுகளை அடித்துக்கொண்டு போயின. உயிர்களும் போயின. அதே வருஷம் ஜனவரியில்தான் ஹைகோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டிருந்தன.

அந்தக் காலத்தில் வெள்ளத்தை எப்படிச் சமாளித்தார்கள்? நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து சுமார் 180 கிலோமீட்டர் ஓடிக் காவிரியில் சேர்கிறது. வழியெங்கும் அணைக்கட்டுகள். அங்கே திரும்பும் தண்ணீர் ராஜவாய்க்கால் வழியாகக் குளத்துக்குப் போகும். குளம் நிறைந்தால் மிச்சம் கலிங்கு தாண்டி வெளியேறும். உக்கடம், சிங்காநல்லூர், சூலூர் குளங்கள் எல்லாம் இந்த ஏற்பாடுதான். கொங்குச் சோழர் காலத்தது என்பார்கள். பாசனத்துக்காக வெட்டியவைதான், ஆனால் வெள்ளத்தின் வேகத்தையும் சேர்த்தே குறைத்தன.

அப்படியானால் கோவைக் குளங்களைத் தூர்வாரினால் திருப்பூர் தப்பிக்குமா? போதாது. 2011-ல் ஊரை அடித்தது நம் ஊர் ஓடைகள். அவற்றின் மேல்பக்கத்திலும் தண்ணீர் நிற்க இடம் வேண்டும். எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்தில் பிக்கரிங் என்ற சின்ன ஊருக்கும் இதே கேள்வி வந்தது. 2007 வெள்ளத்துக்குப் பிறகு, துர்ஹாம் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஊர் மக்களோடு உட்கார்ந்து கம்ப்யூட்டர் மாதிரி ஒன்றை உருவாக்கினார்கள். நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, மேடு பள்ளம், மண், மழை அளவு எல்லாம் கொடுத்தால், தண்ணீர் எந்த ஓடையில் எப்போது வரும் என்று அது காட்டும். அதை வைத்து ஓடைகளில் மரக்கட்டைத் தடுப்புகள், மேலே ஒரு மண் கரை, மரக்கன்றுகள் என்று வேலை நடந்தது. 2015 டிசம்பர் மழையில் வெள்ளத்தின் உச்சம் 15 முதல் 20 சதவீதம் குறைந்ததாக மதிப்பிட்டார்கள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. இரண்டு ஓடைகள் சேரும் இடத்தில், முன்னால் வரவேண்டிய வெள்ளத்தைத் தப்பான இடத்தில் தாமதப்படுத்தினால், இரண்டு உச்சமும் ஒரே நேரத்தில் வந்து ஊரை இன்னும் மோசமாக அடிக்கும். கடப்பாரை எடுப்பதற்கு முன்னால் கணக்குப் போட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

காமர்ஸ் படிப்பவன் கண்ணுக்குக் குளம் ஒரு சொத்து. வண்டல் அதன் தேய்மானம். பனியன் கம்பெனியில் ஒரு தையல் மிஷினுக்குக்கூட வருஷா வருஷம் தேய்மானம் எழுதுகிறோம். குளத்துக்கும் எழுத வேண்டும். அந்தக் கணக்கும், எந்தத் தெருவில் தண்ணீர் முதலில் ஏறும் என்று கரையோர மக்கள் சொல்வதும் இருந்தால்தான் கம்ப்யூட்டரும் சரியாகச் சொல்லும்.