விழுமுன் அரைச் செக்கன்

போன ஜனவரியில் அம்மா விழுந்துவிட்டார்.

துரொண்ட்ஹெய்மில் ஜனவரியில் விழாதவர் யார் என்று கேட்பீர்கள். பகலில் மழை, இரவில் உறைபனி, விடிந்தால் றோட்டு முழுக்கக் கண்ணாடி. ஆனால் அம்மா றோட்டில் விழவில்லை. சப்பாத்துக்கு அடியில் இரும்பு முள்ளு வைத்த 'பிரொடர்' மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார், பத்திரமாக வீட்டுக்கு வந்தார், பிரொடரைக் கழற்றி வைத்தார். பிறகு குசினியில் தேத்தண்ணியோடு திரும்பும்போது விழுந்தார். கையில் கண்டல் காயம் மட்டும்தான், எலும்பு எதுவும் முறியவில்லை. "ஒண்டுமில்லை, ஏன் பெரிசுபடுத்துறாய்" என்று கப்பைப் பொறுக்கினார்.

அன்று இரவு நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எஞ்சினியரிங் படித்தவர்களிடம் இருக்கும் கெட்ட பழக்கம் இது. நின்றுகொண்டிருக்கும் ஒருவரின் இடுப்பு தரையிலிருந்து ஏறத்தாழ 90 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து ஒரு பொருள் தடையில்லாமல் விழுந்தால் 0.43 செக்கனில் தரையைத் தொடும். தொடும்போது வேகம் மணிக்கு 15 கிலோமீற்றர். மனிதர் தடுமாறி விழுவதால் நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அம்மாவின் இடுப்பு எலும்புக்கும் குசினித் தரைக்கும் நடுவில் இருந்தது கிட்டத்தட்ட அரைச் செக்கன்.

அந்த அரைச் செக்கனுக்குள் ஒரு காற்றுப்பையை ஊதி, உடம்புக்கும் தரைக்கும் நடுவில் வைக்க முடியுமா? முடியும். அப்படியான பெல்ட்டுகள் இன்று கடையில் விற்பனைக்கு இருக்கின்றன. ஆனால் அது அம்மாவின் வயதுக்காரரிடம் வந்துசேர எடுத்த காலமும், அது சுற்றி வந்த பாதையும் கொஞ்சம் விசித்திரமானவை.

காரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் அறிந்த காற்றுப்பை அதுதான். அமெரிக்கரான ஜோன் ஹெட்ரிக் 1952இல் அதற்குக் காப்புரிமை கேட்டார். நல்ல யோசனை, ஆனால் பல வருடம் வேலைக்கு உதவவில்லை. பையை ஊதுவது எப்படி என்பதைவிட, எப்போது ஊதுவது என்பதுதான் சிக்கலாக இருந்தது. 1968இல் அலன் பிரீட் மோதலை உணரும் நல்லதொரு உணரியைச் செய்த பிறகுதான் விடயம் நகர்ந்தது. ஆனால் காருக்கு ஒரு சலுகை இருக்கிறது. முன்பக்கத் தகரம் நசுங்கத் தொடங்கிவிட்டது, உள்ளே இருப்பவரின் தலை இன்னும் போய் மோதவில்லை. மோதலே வந்து செய்தி சொல்கிறது. மனித உடம்புக்கு முன்னால் அப்படி நசுங்குவதற்குத் தகரம் இல்லை. இடுப்பு தரையில் மோதிய பிறகு செய்தி கிடைத்து என்ன பயன்?

உடம்பில் அணியும் காற்றுப்பையைச் செய்தவர்கள் இந்தச் சிக்கலை முதலில் கடந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு கயிறு, அவ்வளவுதான். ஹங்கேரியரான தமாஷ் ஷ்ட்ராப் 1976இல் மோட்டார் சைக்கிள் ஓட்டுநருக்கான ஊதும் உடைக்குக் காப்புரிமை எடுத்தார். 1990களின் பிற்பகுதியில் ஜப்பானின் 'ஹிட்-ஏர்' மேலங்கிகள் விற்பனைக்கு வந்தன. மேலங்கியில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனை மோட்டார் சைக்கிளில். ஓட்டுநர் தூக்கி எறியப்பட்டால் கயிறு இழுபடும், உள்ளே இருக்கும் சின்னக் குப்பி துளைபடும், அதிலிருந்து காபனீரொட்சைட்டு பாய்ந்து பையை நிரப்பும். மின்கலம் இல்லை, கொம்பியூட்டர் இல்லை. குதிரை ஓடுபவர்களும் இதையே சேணத்தோடு கட்டிக்கொண்டார்கள்.

ஆனால் இந்தத் தீர்வுக்குள்ளேயே ஒரு சமூக வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. கயிறு கட்ட உங்களுக்கு ஒரு குதிரையோ மோட்டார் சைக்கிளோ வேண்டும். குசினியில் நிற்கும் அம்மா எதிலிருந்து விழுகிறார்? தன்னுடைய இரண்டு காலிலிருந்து. கயிற்றை எங்கே கட்டுவது?

கயிறு இல்லாமல் செய்யவேண்டுமென்றால் உடம்பின் அசைவை அளந்து, 'இவர் இப்போது விழுகிறார்' என்று ஒரு நிரல் முடிவெடுக்க வேண்டும். அதற்குக் காசு கொட்டிய முதல் ஆட்கள் பந்தய வீரர்கள். இத்தாலியின் 'டைனேசே' நிறுவனத்தின் பந்தய உடை 2007இல் வலென்சியாவில் உண்மையான போட்டியில் அணியப்பட்டது. 2018இலிருந்து மோட்டோ ஜிபி ஓட்டுநர் எல்லோருக்கும் காற்றுப்பை கட்டாயம்.

பிறகு பனிச்சறுக்கு. நோர்வேயில் வளர்ந்த உங்களுக்கு 'ஊட்ஃபோர்' என்றால் விளக்கத் தேவையில்லை: மணிக்கு 130 கிலோமீற்றரைத் தாண்டி மலையிலிருந்து இறங்கும் பைத்தியக்காரத்தனம். இங்கே நிரலுக்குப் புதுத் தலைவலி. சறுக்குபவர் வேண்டுமென்றே காற்றில் பறக்கிறார், பறந்து பலமாகத் தரையில் இறங்குகிறார், ஆனால் அது விழுதல் இல்லை. அதே ஆள் அதே இடத்தில் அரை மீற்றர் சரிந்தால் அது விழுதல். இந்த வித்தியாசத்தைப் பிடிக்க வருடக் கணக்காக வீரர்களின் உடம்பில் உணரிகளைக் கட்டித் தரவு சேர்த்தார்கள். 2024/25 பருவத்திலிருந்துதான் உலகக் கோப்பையின் வேகப் போட்டிகளில் அது கட்டாயமானது. அப்போதும் சில வீரர்கள் முகம் சுளித்தார்கள்.

சைக்கிளுக்கு வருகிறேன், ஏனென்றால் இது பக்கத்து நாட்டுக் கதை. சுவீடனில் 2005இல் 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமானது. பெரியவர்களுக்கும் வருமோ என்ற பேச்சு எழுந்தபோது, லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொழில்வடிவமைப்புப் படித்த அன்னா ஹௌப்ட், தெரேசே அல்ஸ்தின் என்ற இருவர், ஆட்கள் விரும்பிப் போடக்கூடிய ஹெல்மெட் எப்படி இருக்கும் என்று யோசித்தார்கள். பிறந்தது 'ஹொவ்டிங்': கழுத்தில் சால்வை மாதிரிச் சுற்றிக்கொள்ளும் பட்டி. விழத் தொடங்கினால் பத்தில் ஒரு செக்கனில் ஹீலியம் நிரம்பித் தலையை மூடும். 2011இல் கடைக்கு வந்தது. அதன் நிரலுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கச் சண்டைப் பயிற்சிக் கலைஞர்களையும் பொம்மைகளையும் சைக்கிளிலிருந்து திரும்பத் திரும்ப விழ வைத்தார்கள். ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் 2016இல் சோதித்தபோது, சாதாரண ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் தலை தாங்கும் அதிர்ச்சி பல மடங்கு குறைந்தது. பைக்குள் அழுத்தம் போதுமானதாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் அதே ஆய்வில் இருக்கிறது.

துரொண்ட்ஹெய்ம் மேடும் பள்ளமுமான ஊர். சைக்கிளைத் தள்ளிவிட 1993இல் புரூபாக்கன் ஏற்றத்தில் உலகின் முதல் சைக்கிள் லிஃப்ட் போட்ட ஊர். அந்த ஏற்றத்தில் ஏறிப்போனால் இறங்கவும் வேண்டுமல்லவா. நானும் ஒரு ஹொவ்டிங் போட்டுத் திரிந்தேன். "கழுத்து நோவோ தம்பி?" என்று ஊர் மாமா ஒருவர் ஒவ்வொரு முறையும் கேட்பார். 2023 டிசம்பரில் சுவீடனின் நுகர்வோர் அமைப்பு அதன் மூன்றாம் பதிப்பின் விற்பனையைத் தடை செய்தது. அதே மாதம் நிறுவனம் திவாலானது. அது ஊதவேண்டிய நேரத்தில் ஊதுமா என்பதுதான் விவாதத்தின் நடுவில் இருந்த கேள்வி. முதலில் சொன்னேனே, பையை விடப் பெரிய சிக்கல் முடிவெடுப்பதுதான் என்று.

இவ்வளவு நேரம் சொன்னவர்களில் வயதானவர் யாராவது இருந்தார்களா? ஓட்டுநர், குதிரைக்காரர், சறுக்குபவர், சைக்கிள்காரர். எல்லோரும் இளம் ஆட்கள், வேகமான ஆட்கள். ஆனால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை எண்ணிப் பாருங்கள். நோர்வேயில் ஆண்டுக்கு ஏறத்தாழ 9000 பேருக்கு இடுப்பு எலும்பு முறிகிறது. உலகிலேயே மிக அதிகமான விகிதம் உள்ள நாடுகளில் இது ஒன்று. முறிந்தவர்களில் நாலில் ஒருவர் அளவு ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார். ஐஸ்தான் காரணம் என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை. வயதானவர்களின் இடுப்பு முறிவுகளில் பெரும்பாலானவை வீட்டுக்குள்ளேயே நடக்கின்றன.

அவர்களுக்கான காற்றுப்பை வரவேயில்லை என்று சொல்லமுடியாது. 2008இல் ஜப்பானின் 'புரொப்' நிறுவனம் தலைக்கும் இடுப்புக்கும் பை வைத்த 1.1 கிலோ உடையொன்றைக் காட்டியது. 2009இல் தொஷியோ தமுரா குழுவினர் வெளியிட்ட ஆய்வில், விழுதலை மோதலுக்கு 0.3 செக்கன் முன்பே கண்டுபிடித்து 2.4 லீற்றர் பையை ஊதினார்கள். அரைச் செக்கனில் 0.3 செக்கன் மிச்சம் என்றால் பெரிய வெற்றி. ஆனால் அந்த ஆய்வில் விழுந்தது யார்? விழுவதுபோல நடித்துக் காட்டிய 16 பேர்.

இந்த இடத்தில்தான் கதை எனக்குச் சுவாரசியமாகிறது. அந்தக் காலத்து நிரல்கள் பெரும்பாலானவற்றுக்குப் பாடம் எடுத்தவர்கள் மெத்தையில் விழுந்து காட்டிய இளம் தொண்டர்கள். 2012இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் 13 நிரல்களை எடுத்து, உண்மையாகவே விழுந்தவர்களின் 29 பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். ஆய்வுகூடத்தில் கெட்டிக்காரராக இருந்த நிரல்கள் சராசரியாக 57 வீதமான விழுதல்களையே கண்டுபிடித்தன. பாதிக்குக் கொஞ்சம் மேல்! என் வேலையில் இப்படியொரு மென்பொருளைக் கொடுத்தால் வாடிக்கையாளர் கதவைக் காட்டுவார்.

உண்மையான விழுதல் எப்படி இருக்கும்? கனடாவின் வன்கூவர் பக்கத்தில் ஸ்டீபன் ரொபினோவிச் குழுவினர் முதியோர் இல்லங்களின் பொது அறைகளில் கமரா வைத்து, 130 பேரின் 227 விழுதல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 2013இல் வெளியான முடிவு: 41 வீதம், உடம்பின் பாரத்தைப் பிழையாக மாற்றியதால். திரும்பும்போது, எழும்பும்போது, கதிரையில் இருக்கப்போகும்போது. கால் தடக்கியது 21 வீதம். சறுக்கியது வெறும் 3 வீதம். மெத்தையில் விழுந்து காட்டச் சொன்னால் எந்த இளைஞர் தேத்தண்ணிக் கப்போடு அரைவாசி திரும்பி விழுவார்?

தரவுப் பஞ்சத்தைத் தீர்க்க ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் 'ஃபார்சீயிங்' என்ற திட்டம் நடந்தது. முதியவர்கள் உணரியை அணிந்துகொண்டு வழமைபோல வாழ்ந்தார்கள், விழுந்தபோது அது பதிவானது. உறுதிசெய்யப்பட்ட 200க்கு மேற்பட்ட விழுதல்கள் சேர்ந்தன. அதில் பங்கெடுத்த பல்கலைக்கழகங்களில் ஒன்று இங்கே, துரொண்ட்ஹெய்மின் என்.டி.என்.யு. இதே ஊரின் சென்ற் ஊலாவ் மருத்துவமனையில் 2008க்கும் 2010க்கும் இடையில் இடுப்பு முறிந்த 397 பேரைச் சேர்த்து நடந்த ஆய்வும் உலகப் புகழ் பெற்றது. எலும்புப் பிரிவில் படுக்க வைப்பதைவிட, முதியோர் மருத்துவப் பிரிவில் சேர்த்து முழு ஆளையும் பார்த்தால் நாலு மாதத்துக்குப் பிறகு நன்றாக நடமாடுகிறார்கள் என்று அது காட்டியது. நம் அப்பா அம்மாமார் அடிக்கடி திட்டும் இந்தக் குளிர் ஊருக்கு இந்த விடயத்தில் ஒரு பெயர் இருக்கிறது.

இன்று பிரான்சின் 'ஹெலைட்' நிறுவனம் 2018இல் காட்டிய இடுப்புப் பெல்ட் போல சில இருக்கின்றன. ஹெலைட் யார் தெரியுமா? மோட்டார் சைக்கிளுக்கும் குதிரைக்கும் கயிறு கட்டிய மேலங்கி செய்தவர்கள்தான். சுற்றிச் சுற்றிக் கடைசியில் பாட்டியிடம் வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் பாட்டி போடவேண்டுமே. காற்றுப்பைக்கு முன்பே, 1990களில், இடுப்பில் மட்டை வைத்த உள்ளாடைகள் வந்தன. கோபன்ஹேகனில் 1993இல் வெளியான ஆய்வில் முறிவுகள் பாதிக்கும் மேல் குறைந்தன. பிறகு வந்த பல ஆய்வுகளில் பலன் சுருங்கியது. அதற்கு ஒரு பெரிய காரணம், கொடுத்ததை ஆட்கள் போடாமல் விட்டது.

எங்கள் ஆட்களை நினைத்துப் பாருங்கள். 1980களில் வந்து, வடக்கே ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் குளிரில் நின்று எங்களை வளர்த்த தலைமுறை இப்போது எழுபதைத் தொடுகிறது. பெல்ட்டைச் சீலைக் கொய்யகத்துக்கு மேலே கட்டுவதா, உள்ளே கட்டுவதா? உள்ளே கட்டினால் பைக்கு விரிய இடம் இருக்குமா? கோவிலில் அட்டாங்க நமஸ்காரம் பண்ணினால் நிரல் என்ன நினைக்கும்? என் கைத்தொலைபேசியை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டில் சோதித்தேன். கும்பிட விழுவது மெதுவான அசைவு, வரைபடத்தில் கிட்டத்தட்ட அமைதி. பயமுறுத்தியது அப்பாதான். அவர் வேலையால் வந்த களைப்பில் சோபாவில் சொத்தென்று விழுந்த வரைபடமும், நான் மெத்தையில் நடித்து விழுந்த வரைபடமும் ஏறத்தாழ இரட்டைப் பிள்ளைகள். இந்த நிரல்களுக்குப் பாடம் எடுத்த பதிவுகளில் சீலை கட்டியவர், நிலத்தில் சம்மணமிட்டு எழும்புபவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று அன்று யோசித்தேன். உங்களில் யாராவது என்.டி.என்.யுவில் மாஸ்டர்ஸ் ஆய்வுக்குத் தலைப்புத் தேடினால், இதோ ஒன்று.

பங்குனியில் அம்மாவுக்கு ஒரு பெல்ட் வாங்கினேன். விலையைச் சொல்லவில்லை. நாலு நாள் போட்டார். ஐந்தாம் நாள் அது அலுமாரிக்குள், குளிர் ஜக்கற்றுக்குப் பக்கத்தில் தொங்கியது.

"அது விழுறாக்களுக்கு" என்றார்.

"நீங்கள் ஜனவரியில விழுந்தனீங்கள்."

"அது தரை ஈரம்."

தரை ஈரமில்லை என்று இருவருக்கும் தெரியும். நான் அந்த 41 வீதக் கதையைச் சொன்னேன். கனடாவில் கமராவில் பார்த்தார்கள், எல்லோரும் திரும்பும்போதுதான் விழுகிறார்கள் என்று. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கனடாவில ஆக்கள் விழுறதைக் கமரா வைச்சுப் பாத்தவங்களோ?" என்று கேட்டுச் சிரித்தார்.

இப்போது ஒரு உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். இரவில் எழும்பிக் குளியலறைக்குப் போகும்போது மட்டும் போடுவார். கட்டில் காலில் தொங்குகிறது. சார்ஜ் ஏற்றுவது என் பொறுப்பு, ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போகும்போது.