பெங்களூர்த் தண்டில் ஆங்கிலேயர் விடுதி

ஆங்கில நாட்டுச் சிற்றூர்களில், மாதாகோயிலுக்கு அடுத்தபடியாக ஊரார் நாள்தோறும் கூடும் இடம் ஒன்று உண்டு. தாழ்ந்த கூரையும், புகைபடிந்த உத்தரங்களும், குளிர்காலத்தில் இடையறாது எரியும் கணப்பும் அதன் அடையாளங்கள். வாயிலில் வண்ணம் தீட்டிய பலகை ஒன்று காற்றில் ஆடும். சிவந்த சிங்கம், வெள்ளைக் குதிரை, அரசன் தலை என்று ஏதேனும் ஓர் உருவம் அதில் இருக்கும். உள்ளே ரொட்டியும் பாலாடைக்கட்டியும், மாவு பொதிந்து சுட்ட இறைச்சியும், வாற்கோதுமையிலிருந்து வடித்த பீரும் கிடைக்கும். அதற்கு அந்நாட்டார் இட்ட பெயர் 'பப்ளிக் ஹவுஸ்' என்பது. அதைச் சுருக்கிப் 'பப்' என்பர். தமிழிற் சொன்னால் அது பொது இல்லம்.

இப்பெயரை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பெங்களூருக்கு அவ்விடுதி வந்த வரலாற்றில், பலகை வந்தது, பீர் வந்தது, கணப்புங்கூட வந்தது. ஆனால் 'பொது' என்ற அந்த ஒரு சொல் மட்டும் வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று.

ஆங்கில நாட்டு விடுதிகளின் வாயிலில் பலகை தொங்குவது வெறும் அழகுக்காக ஏற்பட்டதன்று. 1393ஆம் ஆண்டில் இரண்டாம் ரிச்சர்டு மன்னன், மது வடித்து விற்போர் தம் வாயிலில் அடையாளம் ஒன்று நிறுத்த வேண்டும் என்று சட்டம் செய்தான். எழுத்தறியாத மக்களுக்கு உருவமே எழுத்தாயிற்று. இது நமக்குப் புதுமையன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கும் மனைகளின்மேல் கொடி பறந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. மதுரைக்காஞ்சியும் அவ்வாறே கூறுகிறது. அவர்கள் பலகை தொங்கவிட்டதற்குப் பல நூற்றாண்டு முன்னரே நம்மவர் கொடி ஏற்றிவிட்டனர்! இதைக் குடியின் பெருமையாகச் சொல்ல வரவில்லை. கள்ளுண்ணாமைக்குத் திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு என்பதும், அது பாடப்படும் அளவுக்கு அன்று கள் பெருகியிருந்தது என்பதும் ஒருசேர எண்ணத் தக்கவை.

வழிப்போக்கர் தங்குவதற்கு நம் நாட்டில் இருந்தவை சத்திரமும் சாவடியும். அவை அறத்தின்பாற்பட்டவை. அங்கே விலை இல்லை. பெரும்பாலும் சாதி உண்டு. ஆங்கில நாட்டு விடுதியிலோ விலை உண்டு. காசு வைத்தவன் எவனும் உள்ளே அமரலாம். அங்கும் உழைப்பாளிக்கு ஓர் அறையும் கனவானுக்கு மற்றோர் அறையும் பிரித்து வைத்திருந்தனர் என்பது உண்மையே. ஆயினும் வாயிற்கதவு ஒன்றே.

இனிப் பெங்களூருக்கு வருவோம். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அங்கே நிறுத்தப்பட்ட படையினரைக் காய்ச்சல் வாட்டியது. ஆகவே 1809ஆம் ஆண்டில், ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் குளிர்ந்த காற்று வீசும் பெங்களூரில், அல்சூரை ஒட்டிப் படைவீடு அமைத்தனர். அதைக் 'கண்டோன்மெண்டு' என்றனர் ஆங்கிலேயர். 'தண்டு' என்றனர் மக்கள். படை சென்னையிலிருந்து வந்தது. ஆகவே படையோடு தமிழரும் வந்தனர். சிப்பாய்களாய் வந்தோர் சிலர். அவர்களைப் பின்தொடர்ந்து சமையற்காரராய், குதிரைக்காரராய், வண்ணாராய், கொத்தராய், தானிய வணிகராய், ஒப்பந்தக்காரராய் வந்தோர் மிகப் பலர். 1834இல் சென்னைச் சாப்பர் படை இங்கே நிலைகொண்டபோது அத்தொகை மேலும் பெருகியது. அட்டாரக் கச்சேரி என்னும் செந்நிற மாளிகையைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார், 1873இல் ஏழைச் சிறுவர்களுக்குப் பள்ளியொன்றும் தொடங்கினார். அவர் பெயர் நிலைத்தது. அடுப்படியில் நின்றவர்களின் பெயர்களை எழுதி வைப்பார் இல்லை.

எழுதி வைத்தது ஒன்று உண்டு. அது பெயரன்று, உணவு. தஞ்சையில் நீதிபதியாய் இருந்த பர்னெல் என்பவரும் யூல் என்பவரும் தொகுத்து, 1886இல் வெளியான ஆங்கில-இந்தியச் சொல்லகராதி ஒன்று உண்டு. 'மல்லிகட்டானி' என்று ஆங்கிலேயர் அழைக்கும் சாற்றினைப்பற்றி அதில் ஒரு குறிப்புக் காணப்படுகிறது. அச்சொல் நம் 'மிளகுத்தண்ணீர்' என்பதன் திரிபே. அச்சொல்லின் பழைய வழக்கிற்கு அவர்கள் காட்டும் சான்று, 1784ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பாட்டு. மைசூர்ப் போரில் பிடிபட்டுப் பெங்களூர்ச் சிறையில் கிடந்த கப்பற்படையினர் ஒருவர் பாடியது அது. சிறையில் தமக்குக் கிடைத்த உணவு மிளகுத்தண்ணீரும் கஞ்சியுமே என்று அவர் நொந்து பாடுகிறார். தண்டு அமைவதற்கு இருபத்தைந்து ஆண்டு முன்னரே, பெங்களூரில் ஆங்கிலேயன் ஒருவன் உண்ட உணவு தமிழ்ச்சொல்லாய் ஆங்கிலப் பாட்டில் ஏறிவிட்டது! வெறுத்து உண்ட அந்தச் சாறு, பின்னர் அவர்களுடைய விருந்துகளில் முதற்கலமாய் வந்து அமர்ந்தது. இறைச்சியும் சேர்த்து, பெயரை உடைத்து, தமதாகவே ஆக்கிக்கொண்டனர். பெங்களூரில் ஆங்கிலேயர் உணவு வரலாற்றை எழுதுவோர் இந்தச் சிறைப்பாட்டிலிருந்து தொடங்குவதே முறை என்பது நம் கருத்து.

தண்டில் எழுந்த விடுதிகள் இருவகை. ஒன்று, சாதாரணச் சிப்பாய்க்கு உரிய படைக் 'காண்டீன்'. சாராயம் வெள்ளைச் சிப்பாய்களின் உடலைக் கெடுத்து, நோயும் குற்றமும் வளர்த்ததால், அதற்கு மாற்றாகப் பீரைப் பரப்ப முயன்றனர் அதிகாரிகள். கடல்வழியே வந்த பீர் விலையேறியது. ஆகவே குளிர்ந்த மலைப்பகுதிகளில் வடிசாலைகள் எழுந்தன. நீலகிரியில் 1857இல் தொடங்கிய வடிசாலைகள் உண்டு. பெங்களூரில் 1885இல் ஒன்று ஏற்பட்டது. 1915ஆம் ஆண்டில் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காத்லாந்தியர் தென்னாட்டு வடிசாலைகள் ஐந்தை இணைத்து 'யுனைடெட் புரூவரீஸ்' என்ற நிறுவனத்தை அமைத்தார். பெரிய பீப்பாய்களில் படையினர்க்குப் பீர் அனுப்புவதே அதன் தொடக்ககால வாணிகம். அதன் முதல் இந்திய இயக்குநராய் விட்டல் மல்லையா அமர்ந்தது 1947இல். நாடு விடுதலை பெற்ற ஆண்டும் அதுவே.

மற்றொன்று அதிகாரிகளின் கிளப்பு. 1868இல் தொடங்கிய 'யுனைடெட் சர்வீஸ் கிளப்பு' இன்று பெங்களூர்க் கிளப்பு எனப்படுகிறது. 1896 முதல் இங்கே குதிரைப்படையில் பணியாற்றிய இளைஞர் வின்ஸ்டன் சர்ச்சில் அக்கிளப்புக்கு வைத்த பாக்கி 13 ரூபாய். வசூலாகாக் கடன்களின் பட்டியலில் அது 1899ஆம் ஆண்டுக் கணக்கேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. பெங்களூர் வருவோர் இச்செய்தியைச் சுவையாகச் சொல்லி மகிழ்வது வழக்கம். நமக்கு அதனினும் சுவையாகத் தோன்றுவது வேறொரு கணக்கு. சர்ச்சில் தம் இளமை வரலாற்றில், தாமும் நண்பர் இருவரும் ஒரு பங்களாவில் வாழ்ந்த வகையைச் சொல்கிறார். ஒவ்வொருவருக்கும் ஒரு பட்லர், உடை உடுத்த ஓர் ஆள், ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரன். இவர்களன்றி, மூவருக்கும் பொதுவாகத் தோட்டக்காரர் இருவர், தண்ணீர் சுமப்போர் மூவர், வண்ணார் நால்வர், காவற்காரர் ஒருவர். மூன்று இளைஞர்க்கு இத்தனை பேர்! இத்தொழில்களில் அமர்ந்தோருள் தமிழர் மிகுதி. சென்னை மாகாணத்துப் பட்லர்கள் பேசிய ஆங்கிலத்திற்குத் தனிப்பெயரே ஏற்பட்டு, முற்கூறிய சொல்லகராதியிலும் அது ஏறியது. நகைப்பதற்காக அப்பெயரை இட்டனர். பள்ளியின் வாயிலையும் மிதியாத ஒருவர் காதாற்கேட்டே ஓர் அயல்மொழியைக் கற்று, அதைக்கொண்டு ஒரு வீட்டையே நடத்தினார் என்பதில் நகைக்க என்ன இருக்கிறது?

இவர்கள் கிளப்பின் சமையலறைக் கதவு வழியே நுழைந்து, அதன் வழியே வெளியேறினர். முன்வாயில் ஐரோப்பியர்க்கே உரியதாய் நெடுங்காலம் நின்றது. ஊரார் யாவரும் கூடும் சிற்றூர் விடுதியில் வளர்ந்தவர்கள், கடல் கடந்து வந்ததும் பொது இல்லத்தைத் தனி இல்லமாக ஆக்கிக்கொண்டனர்.

உண்மையான சிற்றூர் விடுதியைப் பெங்களூர்ப் பகுதியில் தேடுவோர் தண்டைவிட்டுக் கிழக்கே பத்து மைல் செல்ல வேண்டும். 1882இல் மைசூர் மன்னர் சாமராஜ உடையார், ஆங்கிலோ-இந்தியர் சங்கத்திற்கு 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். அச்சங்கத்தின் தலைவர் ஒயிட் என்பவர் பெயரால் எழுந்த ஊரே ஒயிட்பீல்டு. வட்டமான நடுத்திடல், அதைச் சுற்றித் தோட்டத்துடன் கூடிய ஓட்டுவீடுகள், ஒரு மாதாகோயில். இங்கிலாந்தைக் கண்ணாற் காணாத மக்கள், கேள்வியாலேயே கட்டிக்கொண்ட ஆங்கிலச் சிற்றூர் அது. அங்கே ஹாமில்டன் என்பவர் நடத்திய 'வேவர்லி' விடுதி, குதிரையில் வந்த அதிகாரிகளுக்கு உணவும் மதுவும் தந்தது. சர்ச்சில் அவ்விடுதிக்கு வந்து சென்றார் என்றும், விடுதிக்காரர் மகள்மீது காதல் கொண்டார் என்றும் ஊரார் சொல்வர். அது செவிவழிச் செய்தியாகவே நிற்கிறது. காதல் இருந்ததோ இல்லையோ, அவ்விடுதியின் நிலை இரங்கத் தக்கது. தந்தை வழியில் ஆங்கிலேயர், தாய் வழியில் இந்தியர். தண்டின் கிளப்பு தம்மைச் சமமாய் ஏற்காத நிலையில், அம்மக்கள் தம் ஊரில் தமக்கென ஒரு முன்வாயிலை அமைத்துக்கொண்டனர்.

கதவடைத்த குற்றம் ஆங்கிலேயரோடு முடிந்துவிட்டது என்று நாம் தப்பித்துக்கொள்ள இயலாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்மவர் 'கிளப்பு' என்ற பெயரையே எடுத்துக் காபி கிளப்புகள் நடத்தினர். மது இல்லை; மணமான காபி உண்டு; சாதியும் உண்டு. லால்பாக் அருகே இன்று மாவள்ளி டிபன் ரூம்ஸ் எனப்படும் கடை, 1924இல் உடுப்பிப் பகுதியினரான மையா சகோதரர்களால் தொடங்கப்பட்டபோது, அதன் பெயர் 'பிராமின் காபி கிளப்'. அவர்களுள் ஒருவராகிய யக்ஞநாராயண மையா 1951இல் ஐரோப்பா சென்று, அங்குள்ள உணவுச்சாலைகளைப் பார்வையிட்டுத் திரும்பினார். அவர் கொண்டுவந்தது பீரன்று. பாத்திரங்களைக் கொதிநீரில் கழுவும் தூய்மை. பின்னர்ப் பழைய பெயரும் மறைந்தது. தமிழ்நாட்டிலோ, சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவுக்கடைப் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்க, 1957இல் பெரியார் தலைமையில் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது.

அதே 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெங்களூரில் மற்றொன்று நிகழ்ந்தது. காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடத் தொடங்கியதால் வேலையிழந்த தொழிலாளர்கள், ஏ. கே. கோபாலன் தந்த ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். நாட்டில் அவ்வகையில் முதலாவது பெங்களூர்ச் சங்கமே. நேற்றுவரை பரிமாறியவர்கள் இன்று உரிமையாளர் ஆயினர். 1948 வரை சவுத் பரேடு எனப்பட்ட மகாத்மா காந்தி சாலையில் 1959இல் திறந்த காபி ஹவுஸ், ஐம்பது ஆண்டு அங்கே நடந்தது. கவிஞரும் வழக்கறிஞரும் மாணவரும் மூட்டை தூக்குபவரும் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்தனர். ஒரு குவளைக் காபியுடன் எத்தனை நாழிகை அமர்ந்திருந்தாலும் 'எழுந்திரு' என்பார் இல்லை. பீர் ஒரு துளியும் இல்லாத அவ்விடமே பெங்களூர் கண்ட உண்மையான 'பப்ளிக் ஹவுஸ்' என்று நாம் துணிந்து கூறுவோம். 2009இல் அது சர்ச் தெருவுக்கு இடம் மாறிற்று.

'பப்' என்ற பெயரைத் தாங்கிய மதுச்சாலைகள் வந்தது 1980களின் பிற்பகுதியில்தான். பீப்பாயிலிருந்து நேரே பிடித்துத் தரும் பீரும் மேனாட்டு இசையுமாக அவை சர்ச் தெருவிலும் ரெசிடென்சி சாலையிலும் பெருகின. 'பப் நகரம்' என்று பெங்களூர்க்குப் புதுப்பட்டமும் கிடைத்தது. சுவரில் மரப்பலகை பதித்து ஆங்கிலச் சிற்றூரைப் போலிசெய்தன சில. சாதியும் நிறமும் அங்கே கேட்கப்படுவதில்லை. விலைப்பட்டியல் ஒன்றே காவல் செய்கிறது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், தாமே பீர் வடித்து விற்கும் சாலைகளும் வந்தன. கேழ்வரகிலிருந்து பீர் வடித்தோரும் உண்டு. வேவர்லி விடுதி நடந்த ஒயிட்பீல்டு இன்று கணினிக் கம்பெனிகளின் ஊர். அங்கும் இத்தகைய சாலைகள் உள்ளன. மாலைநேரத்தில் அம்மேசைகளில் அமர்வோரில் தமிழ் இளைஞர் பலர். பரிமாறுவோரில் பலர் மணிப்பூர், அசாம் முதலிய வடகிழக்கு நாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தமக்குள் பேசும் மொழியைக் கேட்டு, அது எவ்வூர் மொழி என்று வினவுகின்றவர் அங்கு மிகச் சிலரே.